மருந்துச் சீட்டு போல் மரக்கறிச் சீட்டு

கீரையும் பழமும் உண்ணுமாறு சிகிச்சை நிலையத்தில் கூறப்படும் அறிவுரை, அவற்றை வாங்க வழியற்ற தாயின் தட்டை நிரப்புவதில்லை. அமெரிக்காவில் வைத்தியர் வழங்கும் சீட்டைக் கொடுத்து வறிய குடும்பங்கள் மரக்கறியும் பழமும் பெறுகின்றன. 2018 ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் இதற்கு நிதி ஒதுக்கியது.

இவ்வழி நமக்குப் புதிதன்று. வத்தளையை அடுத்த ஜா-எலயில் தயாராகும் திரிபோஷ, 1973 இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், தாய் சேய் சிகிச்சை நிலையங்களூடாகவே விநியோகிக்கப்படுகிறது. ஆனால், 2022 நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டால் அது தடைப்பட்டது. கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவோ சில மாதங்களில் முடிவடைகிறது.

எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைக் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் அறிவார். அவர் மூலம், உள்ளூர் விவசாயியிடம் மாற்றத்தக்க மரக்கறிச் சீட்டு வழங்கப்படுமாயின் இரு குடும்பங்கள் வாழும். அறிவுரையுடன் அதற்கான வழியையும் அளிப்பது அரசின் கடமையாகும்.