பல்லுக்கு உறுதி வேறு, வெண்மை வேறு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், சாமை பயிரிடுவதோடு தேன், புளி முதலியவற்றைத் திரட்டி விற்கின்றனர். அவர்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் பொருள்களுள் கடுக்காயும் ஒன்று. உலர்ந்தபின் நீளவாக்கில் ஐந்து வரம்புகள் எழுந்து நிற்கும் இக்காய், கொட்டை நீக்கி இடிக்கப்பட்டு நாட்டு மருந்துக் கடைகளில் பல்பொடியாகிறது. தோல் பதனிடும் தொழிலிலும் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. இவ்விரு பயன்களுக்கும் காரணம் அதில் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள். புரதத்தைப் பற்றி இறுகச் செய்யும் இப்பொருளே தோலைப் பதப்படுத்துகிறது. வாயில் இட்டால் ஈறுகளைச் சுருங்கப் பிடித்து இறுகிய உணர்வைத் தருகிறது. கடுக்காய் நீரால் வாய் கொப்பளிப்பது சொத்தைக்குக் காரணமான நுண்ணுயிர்களைக் குறைப்பதாகச் சிறு அளவிலான சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் கடுக்காய்ப் பொடி பல்லை வெளுக்குமா என்பது வேறு கேள்வி. நீரில் குழைத்த கடுக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் சிறிது நேரம் வைத்திருந்தால், டானினும் இரும்பும் சேர்ந்து கலவை கருநீலமாக மாறுவதைக் காணலாம். பழங்காலத்து எழுதும் மைகளுள் ஒன்று இவ்வகைச் சேர்க்கையால் உருவானதே. தேநீர் நாள்தோறும் பல்லில் பழுப்புக் கறையை ஏற்றுவதற்கும் டானினே முதன்மைக் காரணம். ஆகவே ஈறுக்கு இதமளிக்கும் பொருள் எதுவாயினும் அது பல்லையும் வெளுக்கும் என்று கொள்வது பொருந்தாது.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் இக்குழப்பம் தீரும். பல்லின் மேற்பரப்பில் இருப்பது எனாமல் எனப்படும் பற்சிப்பி. உடலிலேயே மிகக் கடினமான இது, ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையது. அதன் அடியில் இருக்கும் டென்டின் என்னும் அடுக்கு இயல்பாகவே மஞ்சள் நிறமுடையதாதலால், நலமான பல்லும் சற்றே மஞ்சளாகத் தோன்றுவது இயற்கை. வயது ஏற ஏறப் பற்சிப்பி தேய்ந்து, அடியிலுள்ள மஞ்சள் மேலும் வெளிப்படுகிறது. வெற்றிலை, புகையிலை, தேநீர் ஆகியவற்றால் மேலே படிவது புறக்கறை. பல்லுக்குள்ளேயே ஊறி நிற்பது அகக்கறை.

வீட்டில் செய்யப்படும் பல வெளுப்பு முறைகள் இந்த வேறுபாட்டை அறியாமல் கையாளப்படுகின்றன. கரி, செங்கல் தூள், சாம்பல் போன்றவை உராய்ந்து புறக்கறையை நீக்குவதால் முதல் சில நாள்களில் பல் பளிச்சிடுகிறது. ஆனால் கறையோடு பற்சிப்பியும் அரைபடுகிறது. எலுமிச்சைச் சாற்றைத் தேய்ப்பது இன்னும் கேடானது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பியின் கனிமங்கள் கரையத் தொடங்குகின்றன. எலுமிச்சைச் சாற்றின் அளவோ 2 முதல் 3 வரைதான். ஒருமுறை இழந்த பற்சிப்பி மீண்டும் வளர்வதில்லை என்பதால், வெளுப்புக்காகத் தேய்த்த பல் காலப்போக்கில் முன்னிலும் மஞ்சளாகி, குளிர்ந்த நீர் பட்டாலே கூசும் நிலையை அடைகிறது. ஆப்பச் சோடா பற்சிப்பியைவிட மென்மையானதாதலால் புறக்கறையை நீக்குவதில் ஓரளவு பாதுகாப்பானது. எனினும் அதை எலுமிச்சையோடு கலப்பது அந்த நன்மையைக் கெடுத்துவிடும்.

பல்லின் உள்நிறத்தை உண்மையில் மாற்றுபவை பெராக்சைடு வகைப் பொருள்களே. இவை பற்சிப்பியை ஊடுருவிச் சென்று நிறமூட்டும் பெரிய மூலக்கூறுகளைச் சிதைத்து வெளிறச் செய்கின்றன. 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு உள்ள பசையை, பல் வரிசைக்கு ஏற்ப வார்த்த தட்டில் இட்டு இரவில் அணியும் முறையை அமெரிக்காவின் ஹேவுட், ஹேமன் என்னும் பல் மருத்துவர்கள் 1989இல் வெளியிட்டனர். வீட்டில் செய்யும் வெளுப்பு முறைகளில் மிகுதியாக ஆராயப்பட்டது இதுவே. அப்பசையிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. மருத்துவரின் அறிவுரைப்படி சில வாரங்கள் பயன்படுத்தினால் நிறம் தெளிவாக மாறுகிறது. பற்கூச்சமும் ஈறு எரிச்சலும் பலருக்கு ஏற்பட்டாலும் பெரும்பாலும் நிறுத்தியதும் அடங்கிவிடுகின்றன. செறிவு கூடினால் தீங்கும் கூடும் என்பதாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை உள்ள பொருள்களைப் பல் மருத்துவர்க்கு மட்டுமே விற்க வேண்டுமென்றும், 18 வயதுக்கு உட்பட்டோர்க்குப் பயன்படுத்தலாகாது என்றும் வரையறுத்தது. சொத்தை, விரிசல், ஈறு நோய் இருப்பின் முதலில் அவற்றைக் குணப்படுத்த வேண்டும். செயற்கைப் பல்லும் பல் அடைப்பும் எப்பசையாலும் வெளுக்கா.

ஜவ்வாது மலைக்கு மேற்கே உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களின் நிலை இன்னொரு பாடம் தருகிறது. அங்குப் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதால், பல் உருவாகும் இளம் வயதிலேயே பற்சிப்பியில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் பதிகின்றன. இதுவே புளூரோசிஸ். இக்கறை பல்லோடு பிறந்ததாதலால் பொடியும் கரியும் அதைத் தொடுவதில்லை. குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அம்மாவட்டங்களில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டதன் நோக்கங்களுள் முதன்மையானது இப்பாதிப்பைத் தடுப்பதே. கறை படிந்தபின் வெளுப்பதைவிட, நல்ல நீர் கொடுத்துக் கறை படியாமல் தடுப்பதே இங்கு மருந்து.

வெண்மைக்காகப் பணம் செலவிடுமுன் காலையும் இரவும் மென்மையான தூரிகையால் புளூரைடு பற்பசை இட்டுத் துலக்குவதும், தேநீர் பருகியபின் வாய் கொப்பளிப்பதும், வெற்றிலையையும் புகையிலையையும் விடுவதும், ஆண்டுக்கு ஒருமுறை பற்காரையை மருத்துவரிடம் நீக்கிக்கொள்வதும் பெரும்பாலோர்க்குப் போதுமானவை. அதன்பின்னும் நிறம் மாற வேண்டுமென விரும்புவோர் மருத்துவர் பரிந்துரைக்கும் பெராக்சைடு முறையை நாடலாம். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றுதான் முன்னோர் சொல்லிவைத்தார்கள்; வெண்மை என்று சொல்லவில்லை.