கீரைச் சத்து மாத்திரை கண்ணைக் காக்குமா? சிகரெட் பிடிப்போர் உஷார்!

மருந்துக் கடையில் "கண்ணுக்கு நல்லதுங்க" என்று எடுத்துத் தருகிறார்களே லூட்டின் மாத்திரை, அது யாருக்கு?

லூட்டின் என்பது கீரையிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் உள்ள மஞ்சள் நிறச் சத்து. விழித்திரையின் நடுவே ஒரு மஞ்சள் புள்ளி உண்டு. அந்த மஞ்சளே இதுதான்! உடம்பு தானாகத் தயாரிக்காது, சாப்பிட்டால்தான் உண்டு.

வயதாகி அந்தப் புள்ளி கெட்டால் எதிரே நிற்பவர் முகமே மங்கிவிடும்.

இதற்கு அமெரிக்க தேசிய கண் ஆய்வுக் கழகம் 2001-ல் சொன்ன மருந்துக் கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. நோய் முற்றுவது 25 சதவீதம் குறைந்தது. ஆனால் வந்தது வினை! புகை பிடிப்போருக்கு பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று வேறு சோதனைகளில் தெரிந்தது.

அதற்குப் பதில் லூட்டின் 10 மில்லிகிராம், அதன் பங்காளியான சியாசாந்தின் 2 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 4,200 பேரிடம் சோதனை, 2013-ல் முடிவு. 10 ஆண்டுக் கணக்கு 2022-ல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு நோய் முற்றுவது 20 சதவீதம் குறைவு. புற்றுநோய் வம்பும் இல்லை.

ஆனால் ஒன்று. நோய் வந்து நடுத்தர நிலையில் இருப்பவருக்குத்தான் இந்தக் கலவை. வராமல் தடுக்காது. கண்புரை ஆபரேஷனும் இதனால் குறையவில்லை.

மற்றவர்களுக்கு முருங்கைக்கீரை போதாதா? கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் ஒட்டும். மாத்திரைதான் என்றால் டாக்டரைக் கேளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும், முன்பு பிடித்து விட்டவர்களும் அட்டையில் பீட்டா கரோட்டின் என்று இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.