ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் முதற்படிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியக் கண்டம் ஆறு பிரிட்டிஷ் காலனிகளாகப் பிரிந்து கிடந்தது: நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குவீன்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா. எல்லை தாண்டும் சரக்குக்குச் சுங்கவரி உண்டு. விக்டோரியா உள்ளூர்த் தொழில்களைக் காக்க வரியை உயர்த்தியது. நியூ சவுத் வேல்ஸ் தடையற்ற வணிகத்தை விரும்பியது. தண்டவாள அகலம்கூட ஒன்றாக இல்லை: முன்னதில் 1,600 மி.மீ., பின்னதில் 1,435 மி.மீ. சிட்னியிலிருந்து மெல்பர்ன் செல்வோர் எல்லையிலுள்ள ஆல்பரியில் ரயில் மாற வேண்டியிருந்தது.

இக்காலனிகளைச் சேர்ந்து யோசிக்கவைத்தது வெளி அச்சம். ஜெர்மனி முந்திக்கொள்ளும் என்று அஞ்சிய குவீன்ஸ்லாந்து, 1883இல் நியூ கினியின் கிழக்குப் பகுதியைத் தன்னுடன் இணைத்தது. லண்டன் அதை ஏற்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் காலனிகளின் பிரதிநிதிகள் சிட்னியில் கூடினர். அதன் பயனாக, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1885இல் நிறைவேற்றிய சட்டப்படி ஆஸ்திரலேசியக் கூட்டாட்சி மன்றம் உருவாகி, 1886 ஜனவரியில் ஹோபார்ட்டில் முதன்முதலாகக் கூடியது.

மீன்பிடிப்பு, குற்றவாளிகளை ஒப்படைத்தல் போன்ற சிலவற்றில் மன்றம் சட்டம் இயற்றலாம். ஆனால் அதற்கு வருவாயும் இல்லை, சட்டத்தை நடைமுறைப்படுத்த நிர்வாகமும் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் கடைசிவரை சேரவில்லை. பலவீனமான மன்றம் உண்மையான கூட்டாட்சியைத் தள்ளிப்போடும் என்று அக்காலனியின் தலைவர் ஹென்றி பார்க்ஸ் கருதினார்.

1889 அக்டோபரில் டென்டர்ஃபீல்டில் பேசிய பார்க்ஸ், பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு ஒன்றைக் கோரினார். 1891இல் சிட்னி மாநாடு அரசியலமைப்பு வரைவைத் தயாரித்தது. அதை எழுதியதில் குவீன்ஸ்லாந்தின் சாமுவேல் கிரிஃபித்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் வரைவு காலனி நாடாளுமன்றங்களின் கைக்குப் போனதும் கிடப்பில் விழுந்தது.

இந்த முடக்கத்துக்கு 1893இல் கொரோவா நகரக் கூட்டத்தில் ஜான் குவிக் வழி சொன்னார்: வாக்காளர்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கட்டும், வரைவும் அவர்களின் வாக்கெடுப்புக்கே வரட்டும். 1897–98 மாநாடு பெரும்பாலும் அவ்வாறே அமைந்தது. 1898 வாக்கெடுப்பில் நியூ சவுத் வேல்ஸில் 71,595 ஆதரவு வாக்குகள் விழுந்தன. அது பெரும்பான்மை என்றாலும், குறைந்தது 80,000 வேண்டும் என்ற நிபந்தனையால் வரைவு தோற்றது. தலைநகரம் அக்காலனிக்குள், சிட்னிக்கு 100 மைலுக்கு அப்பால் அமையும் என்பது உள்ளிட்ட திருத்தங்களுக்குப் பின், 1899இல் அங்கும் ஒப்புதல் கிடைத்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1900 ஜூலையில் கடைசியாக இசைந்தது. 1901 ஜனவரி 1 அன்று ஆறு காலனிகளும் மாநிலங்களாகி ஒரே கூட்டாட்சியில் இணைந்தன.