சைலன்சரை வெட்டினால் இழுவை கூடுமா?

வயலை விட்டு வந்து, இன்று கண்டியைச் சுற்றி முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்பது இது. கடுகண்ணாவ ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. சைலன்சரை வெட்டி அகலமான குழாய் போட்டால் சரிவருமா? காசைக் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்.

எரிந்த புகை வெளியேறத் தடை இருந்தால், எஞ்சின் தன் பலத்தில் ஒரு பங்கை அதைத் தள்ளவே செலவழிக்கும். ஆகவே, 'கொஞ்சம் தடை இருந்தால்தான் இழுக்கும்' என்று கராஜில் சொல்வது பிழை. வேண்டியது புகையின் வேகம். அளவான குழாயில் விரைந்தோடும் புகை மிச்சப் புகையையும் தன் பின்னால் இழுத்துச் செல்லும். புதுக் கலவைக்கு இடம் கிடைக்கும். குழாய் மிக அகலமானால் அந்த வேகம் குறைந்துவிடும். ஏற்றத்தில் மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்கு அதுவே நட்டம். சத்தம் கூடினால் பலம் கூடியதாக எண்ணிவிடுகிறோம்!

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் இறக்குமதி 2008இல் தடைசெய்யப்பட்டது. இன்னும் வைத்திருப்போர் கவனிக்க: அவற்றில் புகையோடு புதுக் கலவையும் சற்று நழுவும். நன்கு அமைந்த சைலன்சர் அழுத்த அலையைத் திருப்பியனுப்பி அதில் ஒரு பகுதியை உள்ளே தள்ளும். வெட்டினால் பெற்றோல் காற்றோடு போகும். ஆனால் எண்ணெய்க் கரி படிந்து அடைபடுவது உண்மை. சுத்தம் செய்தால் இழுவை திரும்பும். காற்று வடிகட்டியையும் பாருங்கள்.

கை உழவு இயந்திரம் வைத்திருப்போர் சைலன்சர் இல்லாமல் சூடடிக்கும் களத்துக்குப் போகாதீர்கள். வைக்கோலில் ஒரு பொறி விழுந்தால் போதும்.