ஒற்றை எண்ணுக்கு எழுதிய சார்பு அணிக்கும் பொருந்துமா?

பைத்தானின் ‘மேத்’ தொகுப்பில் உள்ள சைன் சார்புக்கு ஒரு கோணத்தைக் கொடுத்தால் விடை வரும். பைத்தானின் எண் கணிப்புத் தொகுப்பான நம்பையில் (NumPy) உருவாக்கிய, பத்து லட்சம் கோணங்கள் கொண்ட அணியைக் கொடுத்தால் பிழைச்செய்திதான் வரும். நம்பையின் சொந்த சைனோ அத்தனைக்கும் விடை தந்துவிடுகிறது. எப்படி?

நம்பை அணியில் எண்கள் ஒரே வகையில், நினைவகத்தில் சீராக அடுக்கப்பட்டிருக்கும். சி மொழியில் முன்பே தொகுத்து வைத்த சுழற்சி அவற்றின்மீது ஓடுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் வகை பார்த்து, சார்பை அழைக்கும் பைத்தானின் செலவு மிச்சம்.

சிக்கல் நாமே எழுதும் சார்பில் வருகிறது. ‘எதிர்ம எண் என்றால் 0, இல்லாவிட்டால் வர்க்கமூலம்’ என்று எழுதினால், அணி முழுவதற்கும் ஒற்றை ஆம், இல்லை கிடையாது, நிரல் நின்றுவிடும். நம்பையின் ‘வெக்டரைஸ்’ கொண்டு அந்தச் சார்பைச் சுற்றினால் ஓடும். ஆனால் உள்ளே நடப்பது பைத்தான் சுழற்சியே, வேகம் அதிகரிக்காது.

அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. -1, 2, 4.5 கொடுத்துப் பாருங்கள்: விடை 0, 1, 2! முதல் விடை முழு எண் 0 என்பதால் மற்றவற்றின் தசமப் பகுதியும் வெட்டப்படுகிறது. எச்சரிக்கைகூட வராது. 0.0 என்று எழுதினால் 1.414, 2.121 சரியாக வரும்.

இன்னும் நல்ல வழி, நம்பையின் ‘மேக்சிமம்’ கொண்டு எதிர்ம எண்களை முதலில் 0 ஆக்கிவிட்டு, முழு அணிக்கும் வர்க்கமூலம் எடுப்பது. இரண்டுமே சி வேகத்தில் ஓடும்.

ஒற்றை எண்ணுக்கு எழுதிய சார்பை அணிக்கும் பொருத்தவென்றே ஃபோர்ட்ரான் 95 மொழி ‘எலிமென்டல்’ சார்புகளைத் தந்தது. ஜூலியா மொழியில் சார்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்தாலே போதும்.