குண்டடத்துப் பள்ளத்தில் தங்கம் கிடைக்குமா?

குண்டடம், காங்கயம், தாராபுரம் பக்கம் புதுசா ஒரு கிணறு வெட்டினால், மேலே கொட்டுகிற மண் வெயிலில் மஞ்சளாக மின்னும். மழை பெய்து பள்ளத்தில் தண்ணி ஓடி வடிந்த மறுநாள் மணல்மேலும் அதே மினுக்கு. "இது தங்கமாங்க?" என்று ஒருதடவையாவது கேட்காத ஆள் இந்தப் பக்கம் குறைவு. இப்போது யூட்யூபில் ஆஸ்திரேலியாக்காரர்கள் பச்சைப் பிளாஸ்டிக் தட்டோடு ஓடையில் உட்கார்ந்து தங்கம் அரிக்கிற வீடியோக்கள் வேறு வரிசையாக வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட தம்பிகளுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

சின்ன பதில்: அது காக்காப்பொன். அப்பிரகம் என்றும் சொல்வார்கள். நம்ம பாறைகளில் கருப்பு அப்பிரகம் நிறைய இருக்கிறது. பாறை மக்கும்போது அந்தக் கருப்பு பொன்னிறமாக மாறிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. நிழலுக்குக் கொண்டு போங்க. தங்கம் நிழலிலும் மஞ்சளாகவே இருக்கும். காக்காப்பொன் ஒரு கோணத்தில் பளிச்சென்று அடித்துவிட்டு, லேசாகத் திருப்பினால் செத்துப்போகும். ஊசி முனையால் குத்தினால் காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், தங்கம் நசுங்கி அப்படியே இருக்கும். தண்ணியில் ஆட்டினால் காக்காப்பொன்தான் முதலில் மிதந்து ஓடும். தங்கம் கடைசி வரை அடியிலேயே கிடக்கும்.

பெரிய பதில் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் தொடங்குகிறது.

நம்ம வீட்டு அரிக்கஞ்சட்டியை ஞாபகப்படுத்திக்குங்க. உள்பக்கம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி. அரிசியைத் தண்ணியோடு ஆட்டி ஆட்டி ஊற்றினால் அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் மாட்டி நின்றுவிடும். தங்கம் அரிக்கிற தட்டும் அதேதான், பக்கவாட்டில் இருக்கிற வரிகள் உட்பட. ஒரே வித்தியாசம், சமையலில் கல்லை எறிந்துவிட்டு அரிசியை வைத்துக்கொள்கிறோம், இங்கே தலைகீழ்.

இது வேலை செய்வதற்குக் காரணம் எடை. சாதாரண மணல், அதாவது வெள்ளைக்கல் துகள், தண்ணியைப் போல 2.65 மடங்கு கனம். சுத்தத் தங்கம் 19.3 மடங்கு. ஏழு மடங்கு வித்தியாசம். ஆனால் தண்ணிக்குள் முக்கினால் ஒவ்வொன்றும் தன் அளவுக்குத் தண்ணியின் எடையை இழக்கும் இல்லையா? அப்போது கணக்கு 1.65-க்கு 18.3. ஏழு மடங்கு பதினொரு மடங்காக ஏறிவிடுகிறது. உலர் மண்ணை முறத்தில் புடைத்துத் தங்கம் பிரிக்கிறவர்களும் உலகத்தில் உண்டு, தண்ணி இல்லாத பாலைவனங்களில். ஆனால் தண்ணி இருந்தால் யாரும் முறத்தை எடுக்க மாட்டார்கள்.

ஆறும் இதே அரிப்பைத்தான் ஆயிரக்கணக்கான வருஷமாகச் செய்கிறது. அதனால் தங்கம் எங்கே தங்கும் என்பதை ஊகிக்கலாம். தண்ணி வேகம் குறைகிற இடம்: வளைவின் உள்பக்கம், பெரிய கல்லின் பின்புறம், மர வேர்களின் சந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, சரளைக்கு அடியில் இருக்கிற பாறையின் வெடிப்பு. மேல்மணலை அள்ளி அள்ளிப் பார்ப்பது வீண் வேலை. வெள்ளம் வந்து சரளை மொத்தமாக அசையும்போது தங்கம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே இறங்கும், பாறையில் முட்டினால்தான் நிற்கும்.

இந்த முறைப்படி குண்டடம் பக்கத்துப் பள்ளத்தில், பாறை தெரிகிற ஒரு திருப்பத்தில், வெடிப்புக்குள் இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்து வட்டிலில் அரித்துப் பார்த்தேன். வெள்ளை மணல் போய், மஞ்சள் மினுக்கு போய், கடைசியில் அடியில் ஒரு தேக்கரண்டி கருமணல். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு அதன்மேல் காட்டினேன். பாதிக்கு மேல் முள்ளம்பன்றி மாதிரி எழுந்து ஒட்டிக்கொண்டது, அது காந்த இரும்புத்தாது. மிச்சத்தில் சிவப்பாகச் சின்னச்சின்ன மணிகள், கார்னெட். தமிழில் மாணிக்கத்துக்கும் இதற்கும் பலர் குழம்புவார்கள். தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை. எதிர்பார்த்ததும் அதுதான். ஆனால் அந்தக் கருமணல் முக்கியம்: இரும்புத்தாது 5.2 மடங்கு கனம், கார்னெட் நாலு மடங்கு. இவை அடியில் நின்றன என்றால் தங்கம் இருந்திருந்தால் கட்டாயம் நின்றிருக்கும். அரிப்பு சரி, பள்ளத்தில்தான் சரக்கு இல்லை.

ஏன் இல்லை? ஆறு தங்கத்தை உண்டாக்குவதில்லை, மேலே பாறையில் இருப்பதைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். கோலாரில் தங்கம் இருப்பது ஒரு பழைய எரிமலைப் பாறைப் பட்டையில். அங்கே சூடான நீர் வெடிப்புகளில் ஏறி வெள்ளைக்கல்லையும் தங்கத்தையும் சேர்த்துப் படியவிட்டது. கொங்குப் பாறைகள் பூமிக்குள் இன்னும் ஆழத்தில் வெந்தவை, அந்த மாதிரிப் பட்டை நம் பக்கம் இல்லை. மழையும் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வெறும் காற்றாகத்தான் வருகிறது. நம்ம காத்தாடிகளைச் சுற்றுகிற அதே பருவக்காற்று, மழையை மேற்கே இறக்கிவிட்டுத்தான் வருகிறது.

அந்த மழை கொட்டுகிற ஊர்களில் ஒன்று தேவாலா. ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டு மழை அளவுப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர். கூடலூர் தாண்டிப் பந்தலூர் போகிற வழியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓடைத் தங்கத்தின் உண்மையான ஊர் அதுதான். அங்கே பாறை நொறுங்கிய மண்டலங்களில் வெள்ளைக்கல் நரம்புகள் ஓடுகின்றன, அவற்றில் தங்கம் இருக்கிறது, மழை அதை அரித்துச் சாலியாற்றில் இறக்குகிறது. கீழே நிலம்பூரிலும் மேலே தேவாலாவிலும் பணியர், குறும்பர் மக்கள் மரத்தட்டில் தங்கம் அரித்து வந்ததை வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலம்பூர்ச் செம்மண்ணில் கிடைக்கும் தங்கத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1991-இல் வந்தது. மிக மிகச் சுத்தமான தங்கம் என்று அது சொல்கிறது. பாறையில் இருக்கும்போது தங்கத்தோடு வெள்ளி கலந்திருக்கும். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடக்கையில் வெள்ளி கரைந்து போய்விடும்.

இங்கேதான் கதை பெரிசாகுது. காப்பித் தோட்டங்கள் நோயில் நொடித்துக்கொண்டிருந்த காலம். 1875-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் வந்து பார்த்தார். 1879-இல் அரசு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரௌ ஸ்மித்தை அழைத்தது. அவர் அறிக்கை 1880-இல் வந்தது, நம்பிக்கை ஊட்டுகிற அறிக்கை. லண்டனில் பங்குச்சந்தை பைத்தியம் பிடித்து ஆடியது. 1879 கடைசிக்கும் 1881 ஆகஸ்டுக்கும் நடுவில் இங்கிலாந்தில் மட்டும் 41 கம்பெனிகள், ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம் அறிவித்து. படுத்துக்கிடந்த காப்பித் தோட்டங்கள் தங்க வயல் என்ற பெயரில் கைமாறின. பந்தலூர் திடீரென்று டவுன் ஆனது. மூணு நாலு வருஷத்தில் எல்லாம் காலி.

தோல்விக்குக் காரணம் ஏமாற்று மட்டுமில்லை; தட்டைப் படிக்கத் தெரியாததும்தான் என்பது என் எண்ணம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஒரு தங்கத்துகள், அரை மில்லிமீட்டர் நீள அகலம், அதில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை அரை மில்லிகிராம் கூட வராது. ஒரு குன்றிமணி எடைக்கு இருநூற்றைம்பது துகள் வேண்டும். ஒரு கிராமுக்கு இரண்டாயிரம். ஒரு சவரனுக்குப் பதினாறாயிரத்துக்கு மேல். இப்போது டன்னுக்கு ஒரே ஒரு கிராம் தங்கம் இருக்கிற பாறையில் பத்துக் கிலோவை இடித்துத் தட்டில் அரித்தால் என்ன தெரியும்? இருபது மஞ்சள் பொட்டுகள். கருமணலின் விளிம்பில் வரிசையாக நிற்கும், பார்க்கிறவனுக்கு மூச்சு நிற்கும். ஆனால் அந்தப் பாறையை அந்தக் காலத்து இயந்திரத்தில் அரைத்தால் கூலிக்கே கட்டாது. தட்டு தங்கத்தைக் காட்டும். எவ்வளவு மண்ணைத் தள்ளிவிட்டு அதைக் காட்டுகிறது என்று அதுவாகச் சொல்லாது, நாம்தான் எடைபோட்டு எழுதி வைக்கணும்.

அதோடு இன்னொரு சிக்கல். மழை அதிகமுள்ள ஊரில் மேல்பாறை துருப்பிடித்து மக்கியிருக்கும். கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாதுக்குள் மாட்டியிருந்த தங்கம் விடுபட்டு, மற்றதெல்லாம் கரைந்து போனதால் மேல்மட்டத்தில் செறிந்தும் இருக்கும். மாதிரி எடுத்தது பெரும்பாலும் அந்த மேல்மட்டத்தில். கீழே தோண்டப் போனால் தங்கம் குறைவு, இருப்பதும் தாதுக்குள் பூட்டிக்கிடக்கும், பாதரசத்தில் ஒட்டாது. அதே 1880-இல் கோலாரில் தொடங்கிய மைசூர் கம்பெனியும் மூடுகிற நிலைக்குத்தான் வந்தது. பணம் தீர்வதற்குள், பழங்காலத்து ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு அடியில் சாம்பியன் நரம்பு கிடைத்தது. கோலார் 2001 வரை ஓடி 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்தது. தேவாலாவுக்கு அந்த அடி நரம்பு அமையவில்லை.

கம்பெனிகள் போன பிறகும் அவை விட்டுப்போன குகைகள் தேவாலாவில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டக் கூலி பத்தாதவர்கள் இரவில் அதற்குள் இறங்கிக் கல் உடைக்கிறார்கள். மண் சரிந்தும் மூச்சுமுட்டியும் செத்தவர்கள் உண்டு. பொடித்த கல்லில் பாதரசம் கலந்து, சுட்டு, தங்கம் பிரிப்பார்கள். அந்தப் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். வீடியோ பார்த்துவிட்டு "தேவாலா போலாமா அண்ணா?" என்று கேட்ட தம்பிக்கு நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இது. விக்டோரியாவில் சின்னக் கட்டணம் கட்டி ஒரு உரிமம் வாங்கினால் பத்து வருஷம் கைக்கருவிகளோடு பொழுதுபோக்காகத் தேடலாம், கிடைத்தது உங்களுக்கே. நம் நாட்டில் அப்படிப் பொழுதுபோக்கு உரிமம் கிடையாது. 1957-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டப்படி அனுமதியில்லாமல் தாது எடுப்பது குற்றம், காட்டுக்குள் என்றால் வனச் சட்டமும் சேரும். ஒரு வட்டில் மண்ணை அரித்துப் பார்த்து அங்கேயே கொட்டிவிட்டு வருவதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, நம்ம மண்ணில் ஒன்றுமே இல்லையா? இருக்குதுங்க, தட்டில் சிக்காதது. காங்கயத்திலிருந்து திருப்பூர் போகிற வழியில் படியூர். கடல்நிறப் பச்சைக்கல், அதாவது பெரில், அங்கே கிடைத்தது. கும்பினி உத்தியோகஸ்தராக இருந்து பின்னால் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜே. எம். ஹீத் அதை எடுத்து நடத்தினார். 1819-20-இல் மட்டும் 2,196 கற்கள், மதிப்பு 1,201 பவுண்டு. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பெரில் உட்படப் பலவகைக் கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைத் தடயங்கள் வந்தன. ரோமானியர் பிளினி பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்று எழுதியதும், கோயம்புத்தூர் வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் குடங்குடமாகக் கிடைத்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

ஆனால் பெரிலின் கனம் 2.7 மடங்கு. சாதா மணல் 2.65. அரித்தால் இரண்டும் ஒன்றாகவே ஓடிவிடும். எந்தத் தட்டும் பிரிக்காது. அதனால்தான் நம்ம பக்கம் ஓடையில் உட்கார்ந்து அரிக்கிற பழக்கம் வராமல், மழை விட்டதும் உழுத செங்காட்டில் குனிந்து நடந்து கல் பொறுக்குகிற பழக்கம் வந்தது. மழை மண்ணைக் கழுவிக் கொடுக்கும், பிரிக்கிற வேலை கண்ணுக்கு. காங்கயம் சந்திரகாந்தக்கல் வியாபாரிகளுக்கு இன்றும் தெரிந்த பெயர். எதிர்வெயிலில் நடக்கணும் என்பார்கள், கல்லுக்குள் புகுந்து வரும் வெளிச்சம் அப்போதுதான் தெரியும்.

தங்கம்தான் அரித்துப் பார்க்கணும் என்றால் மலைக்குப் போக வேண்டாம், கோயம்புத்தூரில் நகைப்பட்டறைத் தெருக்களுக்கு விடியற்காலையில் போங்க. ராவியதும் தேய்த்ததுமான தூள் கூட்டுகிறபோதும் கழுவுகிறபோதும் சாக்கடையில் இறங்கும். அந்தச் சேற்றை வழித்து வாளியில் எடுத்துப்போய்த் தட்டில் அரித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சாக்கடையின் வளைவிலும், கல் இடுக்கிலும், தண்ணி வேகம் குறைகிற மூலையிலும்தான் அவர்கள் முதலில் கை வைப்பார்கள்.