மின்பணியாளரின் மனச்சுமை

மாலை நேர இடிமழை கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. மரக்கிளை முறிந்து மின்கம்பியின்மீது விழுந்தால் போதும். கிள்ளானில் ஒரு குடியிருப்பே இருளில் மூழ்கிவிடும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகரப் பகுதிகளில், சாலையைத் தோண்டும் இயந்திரம் நிலத்தடி மின்கம்பியைச் சேதப்படுத்தினாலும் மின்தடை ஏற்படும். உடனே மக்கள் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் 15454 என்ற எண்ணை அழைப்பர். ஆனால், பழுதுபார்க்கச் செல்லும் பணியாளரின் மனச்சுமையைப் பலரும் அறிவதில்லை.

இச்சுமை தொழில்சார் மன அழுத்தம் எனப்படும். வேலைப்பளு மிகுந்து, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்புக் குறையும்போது மன அழுத்தம் பெருகும் என அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979ஆம் ஆண்டில் விளக்கினார். மின்பணியாளருக்கு இது பொருந்தும். மின்தடை எப்போது, எங்கு ஏற்படும் என்பது அவர் கையில் இல்லை. நள்ளிரவிலும் பண்டிகை நாளிலும் அழைப்பு வரலாம். இதனால் உறக்கம் கெடும். களைப்பு கவனத்தைக் குறைக்கும்.

அவருடைய வேலையிலோ கவனக்குறைவுக்கு இடமில்லை. வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. அதை வழங்கும் துணை மின்நிலையத்திற்குப் பெரும்பாலும் 11,000 வோல்ட் வருகிறது. எனவே, பழுதுபார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்தல், பிறர் இயக்காதவாறு பூட்டுதல், மின்சாரம் இல்லை எனச் சோதித்தல், கம்பியை நிலத்துடன் இணைத்தல் ஆகிய படிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒன்றைத் தவிர்த்தாலும் உயிர் போகலாம். மக்களோ விரைவை எதிர்பார்க்கின்றனர். பாதுகாப்பு விதியோ நிதானத்தைக் கோருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே பணியாளர் தவிக்கிறார்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் ஏற்பட்ட பெருவெள்ளம் இந்நிலையை உணர்த்தியது. வெள்ளநீரில் மின்சாரம் பாய்ந்துவிடாதிருக்கத் துணை மின்நிலையங்கள் மூடப்பட்டன. வெள்ளம் வடிந்ததும் வீடுகளில் விளக்கெரிய வேண்டும் என்பது மக்களின் விருப்பம். ஆனால், நனைந்த கருவிகளைச் சோதிக்காமல் மின்சாரம் வழங்குவது ஆபத்து. அத்தாமதம் உயிர்காக்கும் தாமதமாகும்.

மன அழுத்தத்தைப் பணியாளரின் மனத்திட்பக் குறைவாகக் கருதுவது தவறு. பணியாளரின் உடல், உளத் தேவைகளுக்கு ஏற்ற பணிச்சூழலை உருவாக்குவதும் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும். 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து நிலவும் இடத்திலிருந்து பணியாளர் விலகிக்கொள்ளலாம். இவ்வுரிமை அவர் இழந்த தீர்மான வாய்ப்பில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது.

உரிமை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. நிறுவனங்கள் போதிய ஆள்பலத்தையும் ஓய்வையும் மனநல ஆலோசனையையும் வழங்க வேண்டும். மின்தடை நேரும்போது பொதுமக்கள் காட்டும் பொறுமையும் ஒரு மின்பணியாளரைப் பாதுகாப்பாக வீடு திரும்பச் செய்யும்.